தண்ணீருக்குள் கசிந்த மின்சாரம்

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சென்னையில் பழைய தகராறு. 1895-இல் மெட்ராஸில் ஓடத் தொடங்கிய மின்சார டிராமுக்கு மின்கம்பி முதலில் தெருவுக்கடியில்தான் இருந்தது. பருவமழை கெடுத்தது, பிறகு தலைக்கு மேலே ஏற்றினார்கள். அன்று மின்சாரத்துக்கும் மீனுக்கும் தனித்தனி இடம்: யானைக்கவுனிக்குப் பக்கத்தில், பேசின் பிரிட்ஜில் 1907-இல் அனல்மின் நிலையம் வந்தது. 1909-இல் மெட்ராஸ் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தது.

இன்று கொளத்தூரில் வளர்ப்பு மீன் வாங்கிவரும் வீடுகளில் மின்சாரமும் மீனும் ஒரே கண்ணாடித் தொட்டிக்குள்.

தொட்டி நீரைச் சூடாக்கும் ஹீட்டர் விரிசல் விட்டால் 230 வோல்ட் தண்ணீரில் இறங்கும். வெளியேற வழியில்லாதவரை மீன் பாட்டுக்கு நீந்தும். வெறுங்காலோடு நிற்பவர் தொட்டிக்குள் கையை விட்டால் அவர் உடல் வழியே வழி திறந்துவிடும்.

டெஸ்டர் இங்கே உதவாது. தூண்டலால் வரும் ஆபத்தில்லாத மின்னழுத்தத்துக்கும் மினுங்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை எர்த்திலும் வைக்க வேண்டும். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது எண் சடாரென விழுகிறதோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.