பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் பதிவேடுகளும்

மருதனார்மடம் போன்ற யாழ்ப்பாணத்து ஊர்களிலிருந்து பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தோர், அங்குள்ள புதுச்சேரி, காரைக்கால் வழியினருடன் மணவுறவு கொள்ளும்போது, பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கும் தேவை எழுகின்றது. ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் வாரிசுரிமை, குடியுரிமை ஆவணங்கள் தடைப்படக்கூடும்.

பிரெஞ்சிந்தியாவில் 1881 செப்டம்பர் 21ஆம் திகதிய ஆணைப்படி, தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்தோர் குடும்பப் பெயர் பூண்டனர். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ என்னும் பெயரை ஏற்றார். ‘கதவு’ எனப் பொருள்படும் அத்தொடர், பெயராகும்போது ஒரே சொல்லாக எழுதப்படும். அதன் ஈற்றெழுத்து ஒலிப்பதுமில்லை. ஆகவே செவிவழி எழுதுதல் தகாது.

தமிழ்ப் பெயர்களுக்கும் இவ்விடர் உண்டு. உகரத்தைப் பிரெஞ்சார் ‘ஓ’, ‘யு’ என்னும் ஈரெழுத்துகளால் எழுதுவர். மரைக்காயர் என்னும் முஸ்லிம் பெயர் காரைக்காலின் பிரெஞ்சு ஏடுகளில் ‘மரேக்கார்’ எனவும், இலங்கையின் ஆங்கில ஏடுகளில் ‘மரிக்கார்’ எனவும் காணப்படும்.

பிரெஞ்சிந்தியாவின் நூறாண்டு கடந்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பிந்தியவற்றை நாந்த் நகரின் குடிசார் பதிவகத்தில் கோரலாம். மூவகைப் பதிவுகளையும் ஒப்புநோக்குக. பிறப்புப் பதிவிலுள்ள பெயரையே வழங்க வேண்டும் என்பது 1794 முதல் பிரெஞ்சுச் சட்டம். முரண்படின் அதுவே முதற்சான்று.