வெட்டாத கிறிஸ்துமஸ் மரம்

கிறிஸ்துமஸ் மரம் என்றாலே வெட்டி வந்து வீட்டில் நிறுத்துவதுதானே வழக்கம்? அமெரிக்காவில் ஒரு மரம் இதற்கு விதிவிலக்கு. கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் நிற்கும் 'ஜெனரல் கிராண்ட்' என்ற செக்கோயா மரம். உயரம் சுமார் 81 மீட்டர்! பக்கத்துக் காட்டில் இதன் இனத்து மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. 1890-லேயே பூங்கா எல்லைக்குள் வந்துவிட்டதால் இது தப்பியது.

1924-ல் அதைப் பார்க்கப் போன ஆர். ஜே. சீனியர் என்பவரின் காதில், இது நல்ல கிறிஸ்துமஸ் மரமாக இருக்குமே என்று ஒரு சிறுமி சொன்னது விழுந்ததாம். அடுத்த ஆண்டே மரத்தடியில் விழா! 1926-ல் அது தேசத்தின் கிறிஸ்துமஸ் மரமானது. 1956-ல் போரில் மாண்டவர்களின் நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. அதனால்தான் டிசம்பர் விழாவில் பூங்காக் காவலர்கள் மரத்தடியில் மலர்வளையம் வைக்கிறார்கள்.