யானை–புலிப் போர்: பழனிமலையும் குறிஞ்சிப் பாடல்களும்

யானையும் புலியும் மோதினால் எது வெல்லும் என்ற கேள்வி தமிழில் சங்க காலம் முதல் இருந்து வருகிறது. குறிஞ்சித் திணைப் பாடல்களில் இவ்விரு விலங்குகளின் போர் திரும்பத் திரும்ப வரும் காட்சி. பாடல்கள் ஒரே விடையைத் தருவதில்லை. சிலவற்றில் புலி வெல்கிறது, சிலவற்றில் யானை வெல்கிறது.

பழனிமலைத் தொடர் குறிஞ்சி நிலத்தின் ஒரு பகுதி. பழனியின் பழைய பெயர் பொதினி என்பர். அகநானூற்றின் முதல் பாடலில் மாமூலனார் பொதினியை ஆவி என்னும் தலைவனின் ஊராகவும், கொம்பு அறுக்கப்பட்ட யானைகளை உடையதாகவும் குறிப்பிடுகிறார். ஆவியர் குடியில் வந்த வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்று புகழ்பெற்றவன். கபிலர் அவனை நேரில் பாடியுள்ளார் (புறநானூறு 143). யானை–புலிப் பகையை மிக நுட்பமாகச் சொல்லும் இரண்டு பாடல்கள் உள்ள குறிஞ்சிக்கலியும் கபிலர் பெயரிலேயே வழங்குகிறது. கலித்தொகை முழுவதும் பிற்காலத்தில் ஒருவரே இயற்றியது என்று கருதுவோரும் உண்டு.

கலித்தொகை 38ஆம் பாடலில் மதம் கொண்ட யானை ஒன்று பூத்து நிற்கும் வேங்கை மரத்தைப் புலி என்று எண்ணி அதன் அடியில் குத்துகிறது. குத்திய கொம்பை வெளியே இழுக்க முடியாமல் மலைமுழைஞ்சு எதிரொலிக்கப் பிளிறுகிறது. கயிலையைத் தூக்கக் கை கொடுத்து மாட்டிக்கொண்ட இராவணன் இதற்கு உவமை. 49ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே யானை உண்மையாகவே ஒரு புலியை வென்றுவிட்டது. களைத்து உறங்கும்போது அதே சண்டையைக் கனவில் கண்டு திடுக்கிட்டு எழுகிறது. எதிரே புதிதாக மலர்ந்திருந்த வேங்கையைப் புலியென்று நினைத்துச் சிதைக்கிறது. சினம் தணிந்தபின் அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாணித் தலைகவிழ்கிறது. வென்ற விலங்கின் அச்சத்தைப் பாடிய இந்தப் பாடலுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

புலியின் பக்கம் நிற்கும் பாடல்களில் முக்கியமானது சோழன் நல்லுருத்திரன் பாடிய புறநானூறு 190. தான் அடித்த பன்றி இடப்பக்கம் விழுந்ததால் அதை உண்ணாமல் பட்டினி கிடக்கும் புலி, மறுநாள் பெரிய களிற்றை வலப்பக்கம் விழும்படி வீழ்த்துகிறது. எலி போன்றவரின் நட்பு வேண்டாம், இத்தகைய புலி போன்றவரின் நட்பே வேண்டும் என்பது அரசனின் கருத்து. வெற்றி யாருக்கு என்பது இங்கே பாடலின் தேவையைப் பொறுத்தது.

சண்டையை வேடிக்கை பார்த்தவர்களும் பதிவாகியுள்ளனர். மலைபடுகடாமில் கூட்டத்தைப் பிரிந்த நாட்டு எருது ஒன்று மரையான் எனப்படும் காட்டு விடையுடன் மோதுகிறது. கோவலரும் குறவரும் சேர்ந்து நின்று ஆரவாரிக்கின்றனர். பாடப்பட்டது பழனிமலை அன்று, நன்னனின் மலைநாடு.

அரசர்கள் இந்தக் கேள்விக்குக் களம் கட்டியே விடை தேடினர். வியட்நாமின் உவே நகரில் 1830இல் கட்டப்பட்ட வட்டக் களத்தில் யானையும் புலியும் மோதவிடப்பட்டன. யானை அரசாட்சியின் சின்னம் என்பதால் புலியின் நகங்களும் பற்களும் முன்கூட்டியே அகற்றப்பட்டன. முடிவு தெரிந்த போட்டி. கடைசிச் சண்டை 1904இல் நடந்தது. இந்தியாவில் விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

காட்டில் இப்போட்டி அரிதாகவே நடக்கிறது. வளர்ந்த ஆண் யானை சுமார் 4 டன், ஆண் புலி ஏறத்தாழ 200 கிலோ. காயம்பட்ட புலியால் வேட்டையாட முடியாது, வேட்டையாடாவிட்டால் பட்டினிதான். ஆகவே புலி குட்டியானையைக் குறிவைக்குமே தவிர களிற்றிடம் பொதுவாக நெருங்குவதில்லை. புலிக்கு உண்மையான சவால் காட்டுமாடு. கொடைக்கானலில் காட்டெருமை என்று அழைக்கப்படும் இவ்விலங்கு எருமை இனம் அன்று. சங்கப் பாடல்களின் ஆமா இதுவே என்பர். ஆண் காட்டுமாட்டின் எடை ஒரு டன்னை நெருங்கும். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு, புலி 176 கிலோவுக்கு மேற்பட்ட இரையையே விரும்பித் தேர்வதைக் காட்டியது. சிறுத்தையும் செந்நாயும் அதற்குக் குறைந்த எடையுள்ளவற்றைத் தேர்ந்தன. மூன்றும் ஒரே காட்டில் வாழ்ந்தும் ஒன்றோடொன்று மோதுவதைப் பெரும்பாலும் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழனிமலையில் இன்று புலி அரிது. பேரிஜம் ஏரிப் பக்கம் யானைகள் வரும் நாட்களில் வனத்துறை சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. 2013இல் சுமார் 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதி போய்விட்டது. 1973க்கும் 2014க்கும் இடையில் இம்மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு ஒன்று காட்டியது. சீகை, தைலம், பைன் மரத் தோட்டங்களும் விவசாயமும் அவ்விடத்தைப் பிடித்தன.

காட்டுமாடுகள் ஊருக்குள் வருவதற்கு இந்த இழப்பே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஏரிச்சாலையிலும் வீட்டுத் தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் அவை மேய்கின்றன. அவை முட்டியதில் பலர் காயமடைந்துள்ளனர், உயிரிழந்தவர்களும் உண்டு. கைபேசியில் படம் எடுக்க அருகில் செல்ல வேண்டாம் என்று பயணிகளுக்கு வனத்துறை தொடர்ந்து எச்சரித்து வருகிறது.