தூரத்தை எண்ணும் சக்கரம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சந்தவாசல். மலையில் விளையும் சாமையும் புளியும் பலாவும் கீழே இறங்கவும், மளிகையும் சிமென்ட்டும் மேலே ஏறவும் சிறு சரக்கு வண்டிகளே இங்குத் துணை. புது வண்டி வாங்க வசதியில்லாதோர் கடன் பெற்றுப் பழைய பிக்கப் வண்டியை வாங்குவர். அப்போது எல்லோருடைய கண்ணும் முதலில் செல்வது, ஸ்டியரிங்குக்கு முன்னால் தெரியும் ஓர் எண்ணின்மீதுதான். ‘60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது’ என்றால் அதற்கு ஒரு விலை. ‘1,50,000’ என்றால் வேறு விலை.

அந்த எண் பொய்யாக இருந்தால் என்ன ஆகும்? கிளட்சும் கியர்பெட்டியும் எஞ்சினும் எதிர்பாராத நேரத்தில் கைவிடும். வண்டி நின்றுவிடும், கடன் தவணை நிற்காது.

இந்த எண்ணைத் தரும் கருவிக்கு ஓடோமீட்டர் என்று பெயர். இதன் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதை அறிந்தால், இந்த எண்ணை எதுவரை நம்பலாம் என்பதும் விளங்கும்.

கூழாங்கல் எண்ணிய மைல்கள்

கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ், முன்னோரிடமிருந்து வந்ததாகச் சொல்லி ஒரு கருவியை விவரிக்கிறார். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு பன்னிரண்டரை அடி. சக்கரம் ஒரு முறை சுழன்றால், 400 பற்களை உடைய ஒரு பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரம் 400 முறை சுழன்றால் வண்டி கடந்த தூரம் 5,000 அடி. அதுவே ரோமானியரின் ஒரு மைல். அப்போது ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் ஓசையுடன் விழும். பயணத்தின் முடிவில் கற்களை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும்.

ஓடோமீட்டர் தூரத்தை நேராக அளப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணுகிறது. எண்ணிக்கையைச் சுற்றளவால் பெருக்கினால் தூரம் கிடைக்கிறது. இன்றைய வண்டியிலும் தத்துவம் இதுவே.

சிவப்புத் துணியும் செபமாலையும்

1847-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்மன் சமயத்தினர் மாட்டுவண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் மேற்கு நோக்கிச் சென்றனர். ஒரு நாளில் எத்தனை மைல் கடந்தோம் என்பதில் ஆளுக்கொரு கணிப்புச் சொல்லினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் கிளேட்டன், சக்கரத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, அது சுற்றிவருவதை நாள் முழுவதும் எண்ணினார். அச்சக்கரத்தின் சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுகள் சரியாக ஒரு மைல். எண்ணி அலுத்தபின், மரத்தாலான பல்சக்கரக் கருவி ஒன்று வண்டியில் பொருத்தப்பட்டது.

நம் நாட்டில் இதனினும் வியப்பான கதை உண்டு. குமாவுன் பகுதியின் பள்ளி ஆசிரியரான நயின் சிங், இந்திய நில அளவைத் துறைக்காக 1865-இல் மாறுவேடத்தில் திபெத்துக்குப் புறப்பட்டார். அங்கே அளவைக் கருவிகளைக் காட்டினால் உயிருக்கே ஆபத்து. எனவே, ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 அடி வீதம் சீராக நடக்கப் பயின்றார். நூறு அடிக்கு ஒரு மணி எனச் செபமாலையை உருட்டினார். வழக்கமான 108 மணிகளுக்குப் பதில் அதில் இருந்தவை 100. மாலை ஒரு முறை சுற்றினால் 10,000 அடி, அதாவது ஐந்து மைல்.

கிளேட்டனும் நயின் சிங்கும் பொய்யாக எண்ணவில்லை. ஏன்? எண்ணியவர்களுக்கே அந்த உண்மை தேவைப்பட்டது. எண்ணிக்கை தவறினால் பயணத்தின் பயனே போய்விடும். எண்ணுபவர் ஒருவர், அதை நம்பிப் பணம் கொடுப்பவர் வேறொருவர் என்று ஆனபோதுதான் சிக்கல் பிறந்தது.

எண்ணே விலையானபோது

மோட்டார் வண்டி வந்தபின் கியர்பெட்டியிலிருந்து வளையக்கூடிய ஒரு கம்பி மீட்டருக்குச் சென்றது. கம்பியின் வேகமான சுழற்சியைப் பற்சக்கரங்கள் குறைத்து, 0 முதல் 9 வரை எழுதிய உருளைகளைத் திருப்பின. ஓர் உருளை முழுச் சுற்று முடித்தால் அடுத்தது ஓர் எண் நகரும். 1642-இல் பாஸ்கல் தொடங்கிய கணக்குப்பொறியிலும் இவ்வாறு ‘மிச்சம்’ அடுத்த இடத்துக்குச் சென்றது.

இந்த அமைப்பின் குறையும் எளிது. கம்பியைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. பழைய மீட்டர்கள் பலவற்றில் கம்பியை எதிர்த்திசையில் சுழற்றினால் எண்கள் பின்னோக்கியே சென்றன. உருளைகளைக் கையால் திருப்பி வைத்தோரும் உண்டு. அப்போது எண்கள் ஒரே கோட்டில் நில்லாமல் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்கா 1972-இல் சட்டம் இயற்றி, மீட்டரை மாற்றுவதைத் தடை செய்தது. விற்பவர் ஓடிய தூரத்தை எழுதித் தரவும் பணித்தது. ஆயினும் 1987-இல் புகழ்பெற்ற கிரைஸ்லர் நிறுவனத்தின்மீதே வழக்கு வந்தது. அதன் அலுவலர்கள் மீட்டர் இணைப்பைத் துண்டித்துப் புதிய கார்களை ஓட்டினர். பின்னர் அவை புதியவையாகவே விற்கப்பட்டன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இதில் அடங்கும். நிறுவனத் தலைவர் லீ அயகோக்கா பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

இன்று உருளைகள் இல்லை. எண் ஒரு நினைவகச் சில்லில் பதிகிறது. ‘எலக்ட்ரானிக் மீட்டரைத் திருத்த முடியாது’ என்று எண்ணுவது தவறு. அதற்கெனவே உள்ள கருவியைக் கொண்டு எண்ணைத் திருத்தி எழுதிவிட முடியும். உருளைகளைப்போல் கண்ணுக்குத் தெரியும் தடயமும் இராது.

பெல்ஜியம் நாடு வேறு வழி கண்டது. 2004-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2006 முதல் ‘கார்-பாஸ்’ என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. வண்டி பணிமனைக்குச் செல்லும்போதெல்லாம் மீட்டர் எண் ஒரு பொது அமைப்புக்கு அனுப்பப்படும். முந்தைய எண்ணைவிடப் புதிய எண் சிறியதானால் புரட்டு வெளிப்பட்டுவிடும். மீட்டரை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. அதன் எண்ணைப் பலர் கையிலும் பதிவாக்கி வைத்தார்கள்.

சந்தேகம் எழுந்தால்

முதலில் இயல்பான பிழை எவ்வளவு என்று பார்ப்போம். டயரின் ஆரம் 33 செ.மீ. எனக் கொள்வோம். 6 மி.மீ. தேய்ந்தால் ஆரம் 32.4 செ.மீ. ஆகும், சுற்றளவும் ஏறத்தாழ 1.8 விழுக்காடு குறையும். சுற்றுகள் கூடுவதால், மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி சுமார் 98 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கும். ஆகவே டயர் தேய்வது எண்ணைச் சிறிது கூட்டுமேயன்றிப் பாதியாகக் குறைக்காது.

அடுத்து எளிய கணக்கு ஒன்று. நாளொன்றுக்கு 80 கி.மீ., ஆண்டுக்கு 300 நாள் சரக்கேற்றிய வண்டி ஓராண்டில் 24,000 கி.மீ. ஓடும், ஆறு ஆண்டில் 1,44,000 கி.மீ. அதன் மீட்டர் 60,000 காட்டினால், மீதி நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேட்பது நியாயமே.

பெடல் ரப்பரின் தேய்வு, ஸ்டியரிங் பிடியின் மழமழப்பு, ஓட்டுநர் இருக்கையின் அமுங்கல், சர்வீஸ் புத்தகம், ஆயில் மாற்றிய பில்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பணிமனையில் பராமரித்த வண்டியானால், ஒவ்வொரு முறையும் மீட்டர் எண் அங்கே பதிவாகியிருக்கும். வண்டியின் மற்ற மின்னணுப் பகுதிகளிலும் தூரம் பதிவாகியிருந்தால், தேர்ந்த மெக்கானிக் அதைப் படித்துச் சொல்வார்.

ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. பழுதான மீட்டரை மாற்றியதால் எண் குறைந்திருக்கலாம். அதற்கு பில் இருக்கும். குறைவாக ஓடிய வண்டியும் உண்டு. எனவே பழிசொல்லுமுன் பதிவுகளைக் கேட்பதே முறை. விற்பனை ஒப்பந்தத்தில் மீட்டர் எண்ணை எழுதி, விற்பவரிடம் கையொப்பம் பெறுவது நன்று. தம் உழைப்பால் பிழைப்பு நடத்த வண்டி வாங்கியவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. வண்டி வணிகரிடம் ஏமாந்தால் அவர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு கூறுவதில்லை. வேறொரு வழியிலும் அளந்து, இரண்டும் ஒத்தால்தான் ஏற்கிறோம். விற்பவரின் கையிலுள்ள ஒற்றை எண்ணுக்கும் அந்த விதியே பொருந்தும்.