ஒரே கூரை, ஒரே வாத்தியார்

பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளிக்கூடம். 1923இல் மலாயாவின் கூட்டரசு மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களுக்குப் போட்ட கணக்கு இது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் தோட்டத்தில் குடியிருந்தால், அவர்கள் படிப்பதற்கு நிர்வாகமே வழி செய்ய வேண்டும். கூட்டரசில் சேராமல், சுல்தானின் ஆட்சியில் பிரிட்டிஷ் ஆலோசகரை வைத்துக்கொண்டிருந்த ஜொகூரும் இதே வழியில்தான் போனது. குடிநீர், மருந்தகம், லயத்து வீடு என்று தோட்ட மேலாளரான துரை செய்து தரவேண்டிய வசதிகளின் வரிசையில் பள்ளிக்கூடமும் ஒன்றாகிவிட்டது. கொட்டகை போடச் சொன்ன சட்டம், உள்ளே பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வாத்தியாரின் பொறுப்பில் விட்டுவிட்டது.

ஜொகூரில் தமிழர் குடியேற்றம் ரப்பரோடு பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மிளகும் காம்பியரும்தான் பணப்பயிர்கள். அவற்றை நட்டவர்கள் சீனர்கள். 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில்பாதை முடிந்ததும் காடு வேகமாக அழிந்தது. சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று தண்டவாளத்தை ஒட்டிய ஊர்களைச் சுற்றிப் பால்மரங்கள் எழுந்தன. தோட்டம் எழுந்த இடத்தில் லயம், லயம் இருந்த இடத்தில் கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடம் பல இடங்களில் ஒரே அறைதான். ஆயாக் கொட்டகையின் ஒரு பகுதியாகவோ கோயில் மண்டபமாகவோகூட இருந்தது. வாத்தியார் என்று வந்தவர் சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி. சில இடங்களில் கணக்கு எழுதும் கிராணி. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் பெற்றோர், மூத்த பிள்ளையிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போவார்கள். இன்னும் சில பிள்ளைகள் அம்மாவோடு வெட்டுக்காட்டுக்குப் போய்ப் பால் எடுக்க உதவுவார்கள். அரசு மானியமோ வருகையையும் தேர்ச்சியையும் பார்த்தே கிடைத்தது. ஆகவே லயம் லயமாக நடந்து பிள்ளைகளைக் கூட்டி வருவதும் வாத்தியாரின் வேலையாயிற்று. புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தன. காவிரியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் காவிரியைப் பற்றிப் படித்தார்கள். தங்கள் தோட்டத்தைத் தொட்டு ஓடும் ஆற்றைப் பற்றிப் பாடம் இல்லை.

நாலு வகுப்பை ஒருவர் எப்படிச் சமாளித்தார்? ஒரு வகுப்புக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்து, இன்னொரு வகுப்பைச் சொல்வதெழுத விட்டு, மூன்றாவதை வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பார். அகரம் கற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மேல்வகுப்புப் பையன்தான் ஆசான். திண்ணைப் பள்ளிக் காலத்துச் சட்டாம்பிள்ளைதான் அவன். இந்த முறைக்கு உலக வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1790களில் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஜொகூர்த் தோட்டத்து வாத்தியார் பெல்லைப் படித்திருக்கத் தேவையில்லை. உதவிக்கு ஆள் இல்லாத அறையில் அவருக்கு வேறு வழியும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியர் ஆட்சியில் வகுப்பறைக்குள் ஜப்பானிய மொழி வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதன்பிறகு பல லயங்களில் தகப்பனில்லாத பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள்.

போருக்குப் பின் வாத்தியாருக்குப் பெரிய துணையாக நின்றது பத்திரிகை. 1924இல் கடற்பாலம் திறக்கப்பட்டதிலிருந்தே சிங்கப்பூர் ஜொகூருக்குப் பக்கமாகியிருந்தது. அங்கே 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கியிருந்தார். 1950களில் அதன் மாணவர் மணிமன்றம் பிள்ளைகளை எழுத வைத்தது. கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ 1950-51இல் நடத்திய கதை வகுப்பு, பெரியவர்களுக்குச் சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தது. அந்தக் காலத்து எழுத்தாளர்களில் கணிசமானோர் தமிழாசிரியர்கள் என்பதில் வியப்பில்லை.

1956இல் ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. பாடத்திட்டம் பொதுவானது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகினார்கள், உள்நாட்டுப் பாடநூல்கள் வந்தன. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஆறாம் வகுப்போடு தமிழ்வழிக் கல்வி நின்றுவிடும். இடைநிலைப் பள்ளிக்குப் போகுமுன் அங்குள்ள பயிற்றுமொழியைப் பழக ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த வருடத்தில்தான் படிப்பை விட்டார்கள். ஆறு வருடம் தமிழில் சொல்லிக்கொடுத்தவருக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை.

1983இல் புதிய கலைத்திட்டம் நாடெங்கும் அமலானது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் முதலிடம். பிள்ளைகளைத் திறனுக்கேற்பக் குழுவாகப் பிரித்து, பின்தங்கியவருக்குக் குறைநீக்கல், முந்தியவருக்கு வளப்படுத்தும் நடவடிக்கை. ஒரே அறையில் பல குழுக்களை ஓட்டிப் பழகிய தோட்டத்து ஆசிரியருக்கு இதில் பாதிக்குப் பெயர் மட்டுமே புதிது. 1988இல் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. பின்னாளில், ஏழு தாளிலும் ‘ஏ’ வாங்கிய ‘7ஏ’ எத்தனை பேர் என்பதே பள்ளியின் பெருமையானது. மாலை வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் வழக்கமாயின. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அரசு அதைக் கைவிட முடிவு செய்தது. 2016இல் இருமொழித் திட்டம், இந்தப் பாடங்களை எந்த மொழியில் நடத்துவது என்ற விவாதத்தைத் திரும்பக் கிளப்பியது. யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிக்கப்பட்டது. இருபது வருடம் பணியாற்றிய ஒருவர் ஒரே அறிவியல் பாடத்தை இரண்டு மொழிகளில் நடத்தியிருப்பார்.

இதற்கிடையே தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் இன்று கடைகளும் மாடிவீடுகளும் நிறைந்த புறநகர். அங்குள்ள தமிழ்ப்பள்ளி மட்டும் தோட்டப் பெயரை இன்னும் சுமக்கிறது. பாசிர் கூடாங் தொழிற்பேட்டையைச் சுற்றி மக்கள் குடியேறியதால் மாசாய் தமிழ்ப்பள்ளி நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்தது.

உட்புறத் தோட்டங்களில் கதை வேறு. 150 மாணவருக்குக் குறைந்தால் அரசின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி இந்த வகைதான். பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஆசிரியர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாகிவிட்ட பள்ளிகளும் உண்டு. ஆள் குறைந்த தோட்டப் பள்ளியின் உரிமத்தைத் தமிழ்க் குடும்பங்கள் பெருகியுள்ள நகர்ப்புறத்துக்கு மாற்றுவதே இப்போதைய வழி. அதற்கான நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகின்றன. மாற்றம் முடியும்வரை, எஞ்சிய சில பிள்ளைகளை இரண்டு வகுப்பாகச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார் ஆசிரியர்.