நேராகக் கிழியும் துணி

கோடை லீவில் சேத்தூரில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு டக்ட் டேப்பில் பர்ஸ் செய்யச் சொல்லிக் கொடுத்தேன். இருந்தது மூணே கத்தரிக்கோல். "கையாலயே கிழிங்கப்பா, நேராத்தான் வரும்" என்றேன். கிழிந்த ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோன ஒரு சிறுமி, "சார், இதுக்குள்ள எங்க ஊர்த் துணி இருக்கு" என்றாள். அம்மாச்சி வீட்டுக்கு லீவுக்கு வந்த சத்திரப்பட்டிப் பிள்ளை.

சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர். விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். இழைகளை நெருக்காமல் நெய்வதால் அந்தத் துணியைக் கையால் இழுத்தாலே நூல் பிடித்து நேராகக் கிழியும். டக்ட் டேப்பின் நடுவிலும் அப்படியொரு வலைத்துணிதான். மேலே பாலிதீன், கீழே ரப்பர் பசை. ராணுவத்துக்கு இந்த டேப்பைச் செய்து கொடுத்ததும் பேண்டேஜுக்குப் பேர்போன ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிதான்.

ஆனால் யோசனை கம்பெனியுடையது அல்ல. இரண்டாம் உலகப்போர் சமயம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வெஸ்டா ஸ்டவுட் என்ற பெண் வேலை பார்த்தார். மகன்கள் இருவர் கடற்படையில். தோட்டாப் பெட்டிகளைக் காகித டேப்பால் ஒட்டி, தண்ணீர் புகாமல் மெழுகில் முக்குவார்கள். பிரிப்பதற்கு ஒரு நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் அது அறுந்துவிடும். எதிரி சுடும்போது சிப்பாய் நகத்தால் பெட்டியைப் பிறாண்ட வேண்டியதுதான். துணி டேப் போடலாம் என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். நல்ல யோசனை என்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1943 பிப்ரவரி 10 அன்று படமும் வரைந்து ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதிவிட்டார். கடிதம் போர் உற்பத்தி வாரியத்துக்குப் போனது, யோசனை ஏற்கப்பட்டது.

1970இல் அப்போலோ 13 வீரர்கள் மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் கருவியை இந்த டேப்பால் ஒட்டித்தான் உயிரோடு திரும்பினார்கள். பையன்கள் வாயைப் பிளந்தது அதற்குத்தான். எனக்கென்னவோ அந்தக் காகித நுனிதான் பெரிய விஷயம். தினமும் கை வைப்பவருக்குத்தான் எது அறுந்து போகும் என்று தெரியும்.

சத்திரப்பட்டிக்காரி பர்ஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள்.

"சூப்பர்வைசர் கேக்கலைன்னா மேல எழுதலாமா சார்?"

"தாராளமா."

"எங்கம்மா வேலை பாக்குற தறிக்கூடத்துல ஒரே பஞ்சுத் தூசி. ஒரு ஜன்னல் வைங்கன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. நாங்க யாருக்கு எழுதணும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் முதல் ஆளாக வந்து, "விசாரிச்சீங்களா சார்?" என்று கேட்டாள்.