முதியோர் இல்லத்தில் இரவுப் பணி யாருடையது?

இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சட்டங்களையும் கட்டடங்களையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். 1834இன் ஏழையர் சட்டத் திருத்தம், 1908இன் முதியோர் ஓய்வூதியச் சட்டம், 1948இன் தேசிய உதவிச் சட்டம் என்று படிப்படியாக ஏறி, இருட்டுக் கொட்டடியிலிருந்து வெளிச்சமான தனியறைக்கு வந்து சேர்ந்ததாக அந்தக் கதை முடியும். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் கிழவரைத் தூக்கி உட்கார வைத்தது யார், அவருக்கு என்ன கூலி, இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்ற கேள்விகள் அங்கே தலைகாட்டுவதே அபூர்வம். அந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே காலத்தைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. தங்கியிருப்பவரின் நலமும் பணியாளரின் நலமும் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. சீர்திருத்தக்காரர்களோ அவற்றை இரண்டு கணக்காக எழுதி, இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்திருக்கிறார்கள்.

1834க்குப் பிறகு எழுந்த ஒர்க்ஹவுஸ் எனும் ஏழையர் விடுதிகளின் அடிப்படை விதி, உள்ளே இருப்பவனின் நிலை வெளியே உழைக்கும் பரம ஏழையின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது. உடல் வலுவுள்ள சோம்பேறிகளை விரட்டப் போட்ட விதி அது. நாளடைவில் அந்த இடங்களை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்களும் நோயாளிகளும்தான். அவர்களுக்குக் காட்டிய இரக்கம் அளந்து ஊற்றிய இரக்கம். 60 வயது கடந்தவர்களுக்குக் காலைக் கஞ்சிக்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு அவுன்ஸ் தேயிலை, ஐந்து அவுன்ஸ் வெண்ணெய், ஏழு அவுன்ஸ் சர்க்கரை கொடுக்கலாம் என்று 1836இன் உணவுப் பட்டியல் அனுமதித்தது. தனித்தனிக் கூடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட கணவன் மனைவியில் 60 தாண்டியவர்கள் சேர்ந்து தங்க ஓர் அறை கேட்கலாம் என்ற உரிமை 1847இல்தான் வந்தது. தேயிலையின் எடையைக்கூட எழுதி வைத்த அந்த நிர்வாகம், நோயாளியைக் கவனிக்கும் வேலையை மட்டும் அதே விடுதியில் அடைபட்டிருந்த மற்ற ஏழைகளிடம் தள்ளிவிட்டது. கிழவியைப் பார்த்துக்கொண்டது இன்னொரு கிழவி. சம்பளம் என்று ஒன்று இல்லை. கொஞ்சம் கூடுதல் உணவு, பல இடங்களில் பீர் அல்லது ஜின். மருந்துப் புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். 1865இல் லான்செட் மருத்துவ இதழ் லண்டன் விடுதிகளை ஆராய ஒரு குழுவை அனுப்பியபோது, அழுக்கையும் நெரிசலையும் போலவே இந்தக் கூலியில்லா செவிலியர் முறையும் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

அதே ஆண்டு லிவர்பூலின் பிரவுன்லோ ஹில் விடுதியில் ஒரு மாற்றம் தொடங்கியது. வில்லியம் ராத்போன் என்ற வணிகர் பணம் கொடுக்க, நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற 12 செவிலியருடன் ஆக்னஸ் ஜோன்ஸ் பொறுப்பேற்றார். விடுதிப் பெண்களையே பயிற்றுவித்து உதவியாளராக்கும் முயற்சியும் நடந்தது. குடியும் ஒழுங்கின்மையும் அதைக் கவிழ்த்துவிட்டன. ஓயாத உழைப்புக்குப் பிறகு 1868இல் டைபஸ் காய்ச்சலில் ஜோன்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 35. இவர் கதையைச் சொல்லி, இதெல்லாம் சேவை, மனசு இருந்தால் போதும், சம்பளப் பேச்சு எதற்கு என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. ஜோன்ஸிடம் மனசுக்குக் குறைவே இல்லை. அந்த மனசு மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை என்பதுதான் ஆவணம் சொல்வது. அவருக்குப் பிறகும் நிலைத்தது பயிற்சியும் ஊதியமும் உள்ள செவிலியர் என்ற ஏற்பாடு. அதுவும் மெல்லத்தான் பரவியது. விடுதிவாசிகள் செவிலியராக வேலை பார்ப்பதைத் தடுக்கும் ஆணை வர 1897 ஆயிற்று.

1948இன் தேசிய உதவிச் சட்டத்தைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், ஒர்க்ஹவுஸ் காலம் முடிந்தது என்றார். இனி 25, 30 பேர் தங்கும் சிறு இல்லங்கள். அவற்றில் முதியவர் ஹோட்டல் விருந்தாளியைப் போலப் பணம் கட்டி இருப்பார். வாரம் 26 ஷில்லிங் ஓய்வூதியத்தில் 21 ஷில்லிங்கை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். கௌரவமான எண்ணம்தான். பத்தாண்டு கழித்து, 1958-59இல், சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 173 இல்லங்களுக்கு நேரில் போனார். பழைய ஒர்க்ஹவுஸ் கட்டடங்கள் பெயர்ப்பலகை மட்டும் மாறி அப்படியே இயங்கிக்கொண்டிருந்தன; பத்துக்கும் மேற்பட்ட கட்டில்கள் போட்ட கூடங்கள், சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லாத முதியவர்கள். 1962இல் வந்த ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ என்ற அவர் நூல் இல்லங்களையே கைவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பும் அந்த நூலிலிருந்தே எழும். விடியுமுன் எழுப்புவது, வரிசையில் குளிப்பாட்டுவது, மாலையிலேயே படுக்கவைப்பது எல்லாம் பணியாளரின் வசதிக்குத்தானே? அப்படியானால் ஒருவரின் நலம் மற்றவரின் நலத்துக்கு எதிரி அல்லவா? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு பெண் காலை உணவுக்கு முன் பதினைந்து பேரை எழுப்பி, துடைத்து, உடுத்திவிட வேண்டும் என்றால், அவள் இருட்டிலேயே தொடங்காமல் என்ன செய்வாள்? கொடுக்கப்பட்ட கைகளின் எண்ணிக்கையே அந்த நேரத்தை வகுத்தது. வசதி என்ற பெயர் அதற்குப் பிறகு ஒட்டியது. உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சிஸ் 1960இல் வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர், நோயாளியைப் பெயரால் அறியாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் அறிந்தார்கள். ஒருவரை முழுதாகக் கவனிக்காமல் பலருக்குச் சிறு சிறு வேலையாகச் செய்தார்கள். வலியோடும் சாவோடும் நாளெல்லாம் புழங்கும் பதற்றத்தைத் தாங்க அந்த அமைப்பே பழக்கிவிட்ட தற்காப்பு அது என்றார் அவர். ஆராய்ந்தது மருத்துவமனையைத்தான், முதியோர் இல்லத்தை அல்ல. ஆனாலும் இல்லங்களில் குற்றம்சாட்டப்படும் ‘கல்மனசு’ பலமுறை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் படித்ததில்லை. வேண்டுமென்றே கொடுமை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழக்கும் தண்டனையும்தான் மருந்து. ஆனால் ஊழியர் பற்றாக்குறையால் வரும் அலட்சியத்தைத் தண்டனை திருத்தியதாக இந்த வரலாற்றில் காணோம்.

1980களில் அரசு உதவித்தொகையின் தயவில் தனியார் இல்லங்கள் பெருகின. நாட்டின் மிகப் பெரிய இல்ல நிறுவனமாக வளர்ந்த சதர்ன் கிராஸிடம் சுமார் 31,000 முதியவர்கள் இருந்தார்கள். வாடகைக்கு எடுத்த கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் ஏறும் வாடகையைக் கட்ட முடியாமல் 2011இல் திணறியபோது, 3,000 வேலைகளைக் குறைப்பதாக அது அறிவித்தது; அந்த ஆண்டிலேயே நிறுவனம் கலைந்தது. பிறகு கொரோனா. 2020 மே, ஜூன் மாதங்களில் இங்கிலாந்தின் 5,126 இல்லங்களிலிருந்து தகவல் திரட்டிய விவால்டி ஆய்வில், பணியாளருக்கு நோய்விடுப்புச் சம்பளம் கொடுத்த இல்லங்களில் முதியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. ஏஜென்சி ஆட்களை அடிக்கடி அழைத்த இல்லங்களில் கூடுதலாக இருந்தது. நல்ல நிர்வாகம் எல்லாவற்றையும் நன்றாகத்தான் செய்யும், சம்பளம் மட்டுமே காரணமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஒரு கணக்கெடுப்பு அதை முற்றாகத் தீர்த்துவிடாது. ஆனால் விடுப்பு எடுத்தால் அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவர் காய்ச்சலோடும் வேலைக்கு வருவார் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய புள்ளிவிவரம் தேவையில்லை.

பற்றாக்குறையைச் சமாளிக்க 2022 பிப்ரவரியில் பிரிட்டன் வெளிநாட்டுப் பராமரிப்பாளருக்கு விசாவைத் திறந்தது. இந்தியாவிலிருந்தும் ஏராளமானோர் போனார்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் அந்த வழியே மூடப்பட்டது. இங்கே நம் பக்கம், இந்தியாவில், 2007இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியவர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. பெவன் 30 பேர் போதும் என்றவர். எண்ணிக்கையை விட்டாலும், மருத்துவ வசதியும் பொழுதுபோக்கும் பேசும் அந்தப் பிரிவில் பணியாளர் பற்றி ஒரு சொல் இல்லை. மாநிலங்களில் இதற்கு விதி எழுதும் அதிகாரிகள், இரவில் எத்தனை முதியவருக்கு எத்தனை பேர், அவர்களுக்கு என்ன சம்பளம், எத்தனை நாள் நோய்விடுப்பு என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.